கோழியின் கண் வெளுத்தால், வெளுப்பு எந்த அடுக்கில் என்று பாருங்கள்

"கோழிக்குக் கண் வெளுத்துப்போச்சு, என்ன சொட்டு மருந்து விடலாம்?" என்று கேட்டால் அனுபவமுள்ள எந்தக் கால்நடை மருத்துவரும் உடனே மருந்துப் பெயர் சொல்ல மாட்டார். கண்ணின் முன்படலம் புண்பட்டாலும் வெளுப்பாகத் தெரியும். உள்ளே சீழ் தேங்கினாலும், நிறவளையம் சாம்பல் பூத்தாலும், லென்ஸ் மங்கினாலும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் வெளுப்புதான். இதில் ஒன்று கொட்டகைத் தரையில் பரப்பிய கூளத்தை மாற்றினாலே ஆறிவிடும். இன்னொன்று எந்த மருந்துக்கும் அடங்காது, பக்கத்துக் கோழிகளுக்கும் பரவும். வெளுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் நோயறிதலில் பாதி வேலை முடிந்தது. அதைப் புதியவர்களும் ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு செய்யலாம்.

பிடிக்கும் முன்

கோழியைப் பிடித்தவுடன் அது பதறும், பாதி அறிகுறி மறைந்துவிடும். அதனால் முதலில் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். எத்தனை கோழிகளுக்குக் கண் சரியில்லை? ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? கண்ணை மூடிக்கொண்டு இறக்கைத் தோளில் தேய்க்கிறதா, காலால் சொறிகிறதா, தலையை உதறுகிறதா? தானியத்தைக் கொத்தும்போது குறி தவறி அருகே கொத்துகிறதா? ஒரு கண் தெரியாத கோழி தலையை அடிக்கடி ஒரே பக்கமாகத் திருப்பி, நல்ல கண்ணால் இரையைத் தேடும்.

நிறையக் கோழிகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கண்ணும் கெட்டிருந்தால் முதலில் காற்றையும் கூளத்தையும் தீவனத்தையும் சந்தேகிக்க வேண்டும், அல்லது வேகமாகப் பரவும் தொற்றை. ஒரு கோழிக்கு ஒரு கண் மட்டும் என்றால் காயம், தூசு, புழு, பூஞ்சை, கட்டி என்று பட்டியல் மாறும். வயதும் முக்கியம். இரண்டு வாரக் குஞ்சுக்கும் ஐந்து மாதப் பெட்டைக்கும் ஒரே வெளுப்பு ஒரே நோயால் வருவதில்லை.

கையில் இருக்க வேண்டியவை

பேனா அளவு டார்ச், பூதக்கண்ணாடி, பஞ்சு, காது துடைக்கும் பஞ்சுக்குச்சி, கையுறை, பழைய துண்டு, கண் கழுவ உப்புநீர். மருந்துக்கடையில் குளுக்கோஸ் பாட்டில் போல விற்கும் நார்மல் சலைன் (0.9%) போதும். கிடைக்காவிட்டால் கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு. கண்ணளவில் அள்ளிப் போடாமல் சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள்; உப்பு கூடினால் புண்ணான கண் எரியும். வீட்டில் கரைத்ததை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும்.

செல்போன் கேமரா பூதக்கண்ணாடிக்குச் சளைத்ததல்ல. ஃபிளாஷை அணைத்துவிட்டு, வேறொருவர் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடிக்க, அரை நிமிடம் வீடியோ எடுங்கள். பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், மருத்துவருக்கும் அனுப்பலாம்.

கண்ணை அடுக்கடுக்காகப் பார்ப்பது

கோழியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை இறுக்கக் கூடாது. கோழிக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சே வரும். அறை கொஞ்சம் இருட்டாக இருக்கட்டும். எப்போதும் நல்ல கண்ணை முதலில் பாருங்கள். அதுதான் உங்கள் அளவுகோல்.

வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். இமைகளில் மரு, பொருக்கு, தெள்ளு இருக்கிறதா? கோழிக்குக் கீழ் இமைதான் அதிகம் நகரும். அதை மெல்லக் கீழே இழுத்தால் உட்பக்கம் தெரியும். சிவந்திருக்கிறதா, நுரை இருக்கிறதா, தயிர்க்கட்டி போல ஏதாவது திரண்டிருக்கிறதா? அடுத்து மூன்றாம் இமை. மூக்குப் பக்க மூலையிலிருந்து மெல்லிய சவ்வு கண்ணின் குறுக்கே ஓடித் திரும்பும். அது ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தால் அதன் அடியில் ஏதோ உறுத்துகிறது என்று பொருள்.

இனி டார்ச். நேரே முகத்தில் அடிக்காமல், கண்மட்டத்தில் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். கண்ணின் முன்னே கண்ணாடி போல மூடியிருக்கும் கார்னியாவில் டார்ச்சின் பிம்பம் ஒரு கூர்மையான புள்ளியாக விழ வேண்டும். புள்ளி சிதறினால், சொரசொரப்பான தகரத்தில் விழுந்த வெளிச்சம் போலக் கலைந்தால், வெளுப்பு கார்னியாவில் இருக்கிறது. புண், அம்மோனியா எரிச்சல், வைட்டமின் ஏ குறைவு, பூஞ்சை எல்லாம் இங்கேதான் தொடங்கும்.

புள்ளி கூர்மையாக இருந்தும், கார்னியாவுக்குப் பின்னால் கண்ணின் அடிப்பாகத்தில் வெள்ளையாகப் படிந்து, மேல்விளிம்பு நீர்மட்டம் போல நேர்கோடாக நின்றால், அது சீழ்த் தேக்கம். தலையைச் சாய்த்துச் சற்றுப் பொறுத்தால் அந்தக் கோடும் சாயலாம். சீழ் இறுகிவிட்டிருந்தால் நகராது.

கார்னியா தெளிவு, சீழும் இல்லை, ஆனால் கண்மணியைச் சுற்றியுள்ள நிறவளையம் சாம்பல் நிறமாகிக் கண்மணி கோணலாக இருந்தால் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். நிறவளையமும் நன்றாக இருந்து, கறுப்பாக இருக்க வேண்டிய கண்மணிக்குள் மட்டும் பால்வெள்ளையோ நீலம் பாய்ந்த வெள்ளையோ தெரிந்தால் அது லென்ஸ் மங்கல், கண்புரை. வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும்போது வெள்ளை வட்டமும் கூடவே சிறுத்துத் தெரியும். கார்னியா வெளுப்பு அப்படிச் சிறுக்காது.

கண்மணி சுருங்குவதை வைத்து அவசரமாக முடிவெடுக்காதீர்கள். பறவைகளின் கண்மணியை இயக்குவது நம் கைகால் தசை போன்ற வரித்தசை. கோழி பயந்தாலோ கிளர்ச்சியடைந்தாலோ வெளிச்சம் இல்லாமலே விரிந்து சுருங்கும். மனிதருக்குப் போல ஒரு கண்ணில் வெளிச்சம் பட்டால் மறு கண்ணும் சேர்ந்து சுருங்க வேண்டும் என்றும் எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு கண்ணையும் இடைவெளி விட்டு மூன்று முறை சோதித்து, மூன்று முறையும் அசையாவிட்டால்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கண்ணுக்குக் கீழே, மூக்கை ஒட்டிய பகுதியை விரலால் அழுத்துங்கள். அங்கேதான் சைனஸ் குழி. மெத்தென்று இருந்தால் நீர், கல் போல இருந்தால் இறுகிய சீழ். மூக்குத் துளையை அழுத்தி வருவதை முகர்ந்து பாருங்கள், அலகைத் திறந்து தொண்டையையும் பாருங்கள். கண் நோயின் விடை பல நேரம் தொண்டையில் கிடக்கும்.

முதலில் கழிக்க வேண்டிய வழக்கமான நோய்கள்

அரிய நோயைத் தேடும் முன் அடிக்கடி வருவதைக் கழித்துவிடுங்கள். முகம் வீங்கி, மூக்கிலிருந்து நாற்றமடிக்கும் சளி வந்து, இரண்டு மூன்று நாளில் கொட்டகை முழுக்கப் பரவினால் கொரைசா என்ற பாக்டீரியாச் சளிநோய். கண் ஓரத்தில் சோப்பு நுரை போலக் குமிழி, இழுத்துக்கொண்டே போகும் தும்மல், மூச்சில் கரகரப்பு என்றால் மைக்கோபிளாஸ்மா கிருமி. இமையிலும் கொண்டையிலும் பொருக்கு மரு என்றால் கோழி அம்மை. இதைக் கொசு பரப்பும். இமை ஓரத்தில் கறுப்பு மிளகுப்பொடி தூவியது போல ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் போகாமல் இருந்தால் ஒட்டுத் தெள்ளு. அதன் மேல் வாஸ்லின் தடவினால் மூச்சுமுட்டிச் செத்து உதிரும், கண்ணுக்குள் எதுவும் ஊற்ற வேண்டியதில்லை. வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்து விட்ட சில நாளில் லேசாகக் கண் கலங்கித் தும்மினால் அது தடுப்பு மருந்தின் எதிர்வினையாக இருக்கலாம். தானே சரியாகும், சரியாகாமல் கூடினால் வேறு நோய்.

தலை முழுக்க வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்து, கோழிகள் திடீர் திடீரென்று சாகத் தொடங்கினால் கண்ணைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். தொடாமல், எதையும் வெளியே அனுப்பாமல், கால்நடை பராமரிப்புத் துறைக்கு உடனே சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலும் கடுமையான வெள்ளைக்கழிச்சலும் இப்படித்தான் வரும்.

கூளமும் காற்றும் செய்யும் கண்புண்

இதை அரிய நோய் என்று சொல்ல முடியாது, ஆனால் அரிய நோய் என்று தவறாக நினைத்து அதிகம் மருந்து ஊற்றப்படுவது இதற்குத்தான். மழைக்காலத்தில் படுதாவை இறக்கிவிட்டு, ஆழ்கூளம் நனைந்திருந்தால் அம்மோனியா ஏறும். 25 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) தாண்டினாலே கோழிக்குக் கெடுதல், 50-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் கார்னியா புண்ணாகத் தொடங்கும். கோழிகள் இரண்டு கண்ணையும் இறுக மூடி, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி ஒடுங்கி நிற்கும்.

நின்றபடி மோந்தால் தெரியாது. விடியற்காலையில் படுதா திறக்கும் முன் உள்ளே போய்க் குத்தவைத்து, கோழியின் தலை உயரத்தில் மூச்சை இழுங்கள். உங்கள் கண் கரித்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு கைப்பிடிக் கூளத்தை அழுத்திப் பிடித்து விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், மெல்ல உதிர்ந்தால் சரி. ஈரமான கூளத்தில் சுண்ணாம்பைத் தூவுவது பலர் செய்யும் தவறு. காரத்தன்மை ஏறுவதால் தேங்கியிருந்த அம்மோனியா அன்றைக்கே குபீரென்று கிளம்பும். ஈரக் கூளத்தை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, தண்ணீர்க் குவளையைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றி, காற்றோட்டத்தைத் திறப்பதுதான் வைத்தியம். லேசான புண் ஆறிவிடும். முற்றியது ஆற ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். குஞ்சுகளுக்கு வைக்கும் கரியடுப்பின் புகையும் இதே தோற்றத்தைத் தரும்.

மாரெக்ஸ்: சாம்பல் கண்

1907-இல் ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் முதலில் விவரித்த நோய் இது. ஹெர்பஸ் வகை வைரஸ். கால் வாதமாக, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகக் கோழி கிடப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். கண்ணில் மட்டும் வருவது குறைவு. வந்தால் பெரும்பாலும் வளர்ந்த பெட்டைகளிலும் முட்டைக்கு வரும் பருவத்திலும் தெரியும்.

செம்மஞ்சளாக இருந்த நிறவளையத்தில் முதலில் ஒரு சாம்பல் திட்டு விழும், அல்லது கண்மணியைச் சுற்றி வெளிறிய வளையம். நாளடைவில் நிறம் முழுக்க வடிந்துவிடும். கண்மணியின் விளிம்பு வட்டமாக இல்லாமல் எலி கடித்த தோசை போலக் கோணலாகும். முற்றிய நிலையில் ஊசித்துளை அளவுக்குச் சுருங்கி, எந்த வெளிச்சத்துக்கும் அசையாது.

இங்கே நம் ஊர் வளர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அசில், பெருவிடை வகைகளில் வளர்ந்த கோழிக்கு முத்துவெள்ளைக் கண் இயல்பு. அதை விரும்பித் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள். அதைப் பார்த்து மாரெக்ஸ் என்று பயந்து நல்ல சேவலைக் கழித்துவிடாதீர்கள். குஞ்சுகளின் கண் எந்த இனத்திலும் ஆரம்பத்தில் மங்கலாகவே இருக்கும், வளர வளரத்தான் நிறம் தெளியும். கடக்நாத் கருங்கோழிக்குக் கண்ணே கறுப்பு. ஆகவே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இயல்பான வெள்ளைக்கண் இரண்டு பக்கமும் ஒன்றுபோல, கண்மணி சுத்தமான வட்டமாக, வெளிச்சத்துக்கு அசைவதாக இருக்கும். நோயில் இந்த மூன்றில் ஒன்றாவது கெட்டிருக்கும்.

இதற்குச் சிகிச்சை இல்லை. இறகிலிருந்து உதிரும் பொடியில் வைரஸ் இருப்பதால் அந்தக் கோழியைப் பிரித்துவிட வேண்டும். தடுப்பூசி குஞ்சு பொரித்த முதல் நாளே, கழுத்துத் தோலுக்கடியில் 0.2 மில்லி. அடைக்கோழியை வைத்துப் பொரிக்கும் குஞ்சுகளுக்கு இது பெரும்பாலும் போடப்படுவதில்லை, நாட்டுக்கோழியில் நோய் தங்கிவிட இதுவும் ஒரு காரணம். வளர்ந்த பிறகு போட்டுப் பயனில்லை.

கண்புழு

கோழியின் மூன்றாம் இமைக்கடியில் வாழும் ஆக்ஸிஸ்பிருரா மான்சோனி என்ற வெள்ளைப் புழு, வெப்பநாடுகளுக்கே உரியது. இந்தியாவிலும் உண்டு. நீளம் சுமார் 1 முதல் 2 செ.மீ., பருமன் தையல்நூல் அளவு. எருக்குழியிலும் மட்கிய குப்பையிலும் மண்ணுக்குள் புதைந்து வாழும் சூரினாம் கரப்பான்தான் இதைச் சுமக்கிறது. கோழி அந்தக் கரப்பானைத் தின்றதும் குட்டிப்புழு தீனிப்பையிலிருந்து உணவுக்குழாய் வழியே வாய்க்கு ஏறி, கண்ணீர்க் குழாய் வழியாகக் கண்ணுக்கு வந்துவிடும். இந்தப் பயணம் நிமிடக் கணக்கில் முடிகிறது. முட்டைகள் கண்ணீரோடு தொண்டைக்கு இறங்கி, எச்சத்தில் வெளியேறி, மறுபடி கரப்பானுக்குப் போகும்.

மேய்ச்சல் கோழி ஒரு கண்ணை ஓயாமல் சிமிட்டி, காலால் சொறிந்து, தண்ணீர் வடித்துக்கொண்டே இருந்தால், மற்றபடி நன்றாக மேய்ந்தால், இதைத் தேடுங்கள். சலைனில் நனைத்த பஞ்சுக்குச்சியால் மூன்றாம் இமையை மூக்குப் பக்கமாக மெல்ல ஒதுக்கி, உடனே பாருங்கள். தாமதித்தால் புழு உள்ளே இழுத்துக்கொள்ளும். சளி இழையும் புழுவும் ஒரே மாதிரி தெரியும். சந்தேகமானால் எடுத்ததை ஒரு மூடியில் சலைன் ஊற்றிப் போடுங்கள். சளி பரவிக் கரையும், புழு நெளிந்து சுருளும்.

எடுக்கும் வேலையை மருத்துவரிடம் விடுங்கள். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டு, முனை மழுங்கிய இடுக்கியால் எடுப்பார். மரக்காத கண்ணில் கோழி ஒருமுறை தலையைத் திருப்பினால் கார்னியா கிழிந்துவிடும். எருக்குழியைக் கோழி கிளறாதபடி வலை போட்டு மூடாவிட்டால் புழு திரும்ப வரும்.

வாத்துகளில் புழுவுக்குப் பதில் கண் தட்டைப்புழு வரலாம். அதைச் சுமப்பது நத்தை. வாத்துக்குக் கண் பொருக்குத் தட்டியிருந்தால் தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். தலை முழுவதும் முங்கும் ஆழம் இல்லாவிட்டால் வாத்தால் கண்ணைக் கழுவிக்கொள்ள முடியாது.

குஞ்சுப் பருவத்தின் அரிய கண் நோய்கள்

ஒன்று இரண்டு வாரத்தில் தலையும் கழுத்தும் நடுங்கி, காலில் நிற்க முடியாமல் இருந்து பிழைத்த குஞ்சுகளுக்குச் சில வாரம் கழித்து லென்ஸ் நீலவெள்ளையாக மங்கினால், அது கோழிகளின் மூளைத் தண்டுவட அழற்சி நோய் விட்டுப்போன சுவடு. அந்தக் கண்புரையை மருந்து மாற்றாது.

சீழ்த் தேக்கம் கண்ட குஞ்சுகளில் சால்மொனெல்லா கிருமி ரத்தம் வழியே கண்ணுக்கு வந்திருக்கலாம். பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருக்கிறதா, தொப்புள் ஆறாமல் இருக்கிறதா, எந்தப் பொரிப்பகத்துக் குஞ்சு என்று பாருங்கள்.

நனைந்து காய்ந்த கடலைத்தோலோ மரத்தூளோ பரப்பிய இடத்தில், ஒரு கண் மட்டும் புடைத்து, மூன்றாம் இமைக்கடியில் மஞ்சள் தயிர்க்கட்டி திரண்டிருந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை. கூடவே குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், ஆனால் கரகரப்புச் சத்தம் குறைவு. ஆண்டிபயாட்டிக் பூஞ்சையைத் தொடாது. கூளம் முழுவதையும் அன்றே எடுத்து எரிக்க வேண்டும்.

குஞ்சுகளுக்கு வெப்பம் தரும் புரூடரில் வாரக்கணக்கில் 24 மணி நேரமும் பல்ப் எரிந்தால் குஞ்சின் கண்ணே வடிவம் மாறும். கார்னியா தட்டையாகும், கண் பெரிதாகும், பார்வை குறையும். வெப்பத்துக்காக எரியும் விளக்கு என்பதால் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. முதல் சில நாள் கழித்து, இரவில் வெளிச்சம் தராத வெப்பமூட்டிக்கு மாறி, குறைந்தது 4 மணி நேரம் தொடர்ந்து இருட்டுக் கொடுங்கள்.

வைட்டமின் ஏ குறைவு

நொய்யும் வெள்ளைச் சோளமும் மட்டுமே தின்று, பச்சையே பார்க்காத கூண்டுக் கோழிகளில் மெல்ல மெல்ல வரும். கண் ஒட்டிக்கொள்ளும், இமைக்குள் வெள்ளைத் தயிர்க்கட்டி சேரும். கொரைசாவோடு குழப்புவார்கள். தொண்டையைத் திறந்தால் குழப்பம் தீரும்: உணவுக்குழாய்த் தொடக்கத்தில் குண்டூசித் தலை அளவு வெள்ளைக் கொப்புளங்கள். நாற்றம் இருக்காது, வேகமாகப் பரவாது. தொண்டையில் மஞ்சள் படலம் ஒட்டிக்கொண்டு, பெயர்த்தால் ரத்தம் வந்தால் அது அம்மையின் தொண்டை வடிவம்.

தயிர்க்கட்டியை வெதுவெதுப்பான சலைனில் ஊறவைத்து, தானாக நெகிழ்ந்த பிறகே எடுக்க வேண்டும். வைட்டமின் ஏ சத்துமருந்தை வழக்கமான அளவைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு, சுமார் இரண்டு வாரம், மருத்துவர் சொல்லும் கணக்கில் கொடுங்கள். முருங்கைக்கீரை, அகத்தி, மஞ்சள் மக்காச்சோளம் தினமும் தீனியில் இருக்கட்டும். பல மாதம் வெயில்பட்டுக் கிடந்த தீவன மூட்டையில் வைட்டமின் ஏ அழிந்திருக்கும். லேபிளில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப முடியாது.

கண்ணைக் கெடுக்கும் கைவைத்தியம்

வெங்காயச் சாறு, புகையிலை, சுண்ணாம்பு எதுவும் கண்ணில் படக் கூடாது. அதைவிடக் கெடுதல், வீட்டில் மீந்திருக்கும் மனிதக் கண் சொட்டு. அவற்றில் பலவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் நாள் சிவப்பு குறைந்து நன்றாகத் தெரியும். கார்னியாவில் புண் இருந்தால் சில நாளில் அது ஓட்டையாகிவிடும். புண் இருக்கிறதா என்று அறிய ஃபுளோரசின் தாள் உண்டு: சலைனில் நனைத்து இமை உட்பக்கம் தொட்டு, கழுவிவிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் புண் பச்சையாக மின்னும். அந்தச் சோதனை முடியும்வரை சலைனில் தினம் மூன்று முறை கழுவுவதோடு நில்லுங்கள்.

பார்க்கும் உங்கள் கண்ணையும் காப்பாற்றுங்கள். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் மனிதருக்கும் சில நாள் கண் நோயைத் தரும். வாத்திலும் புறாவிலும் வரும் கிளமிடியா என்ற பாக்டீரியா மனிதருக்கு நுரையீரல் காய்ச்சலையே தரக்கூடியது. கையுறை போடுங்கள், கோழியைத் தொட்ட கையால் முகத்தைத் தொடாதீர்கள், சோப்பால் கழுவுங்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது

ஆண்டிபயாட்டிக் தொடங்கிய பிறகு எடுக்கும் மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். அதனால் மாதிரி முதலில், மருந்து பிறகு. மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவையோ, நாமக்கல், சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிகளையோ அணுகலாம். முடிந்தால் நோய் தொடங்கிய கோழியை உயிரோடு கொண்டு போங்கள். செத்த கோழி என்றால் ஐஸ் பெட்டியில், ஐஸ் நேரடியாக உடலில் படாமல், அன்றே சேர்க்க வேண்டும். ஃபிரீசரில் வைக்காதீர்கள், உறைந்த திசு சிதைந்துவிடும், மாரெக்ஸை நுண்ணோக்கியில் உறுதி செய்ய முடியாது. கண்ணையோ நரம்பையோ தனியாக அனுப்பச் சொன்னால் 10% ஃபார்மலினில், திசுவைப் போலப் பத்து மடங்கு திரவத்தில் மூழ்க வேண்டும்.

கூடவே ஒரு தாள்: இனம், வயது, மொத்தக் கோழி எத்தனை, கண் கெட்டது எத்தனை, முதல் நாள் எது, ஒரு கண்ணா இரண்டா, வெளுப்பு எந்த அடுக்கில், போட்ட தடுப்பூசிகளும் தேதியும், தீவனம், கூளம், ஏற்கெனவே விட்ட மருந்து. விட்ட மருந்தை மறைக்காமல் எழுதுங்கள். ஆண்டிபயாட்டிக் கொடுத்தால் முட்டையையும் கறியையும் எத்தனை நாள் விற்கக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டு அதே தாளில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.